ஹார்ட் டிஸ்க்குக்கு வைத்த ஒப்பாரி

தரவுத்தளம் வடிவமைப்பது பற்றிப் பேச வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டிருக்கிறீர்கள். பேசமாட்டேன். அதில் என்னைவிட உங்களுக்குத்தான் அதிகம் தெரியும். நான் ஓய்வு பெற்ற அன்றைக்கே என் கணினி அறிவும் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டது. ஆனால் போன மாதம் நான் இந்த நூலகத்தை எட்டிப் பார்த்தபோது உங்களில் ஒருவர் ஒரு கேள்வி கேட்டார். "ஐயா, ஒப்பாரித் தொகுப்பில் ஒரு பதிவில் 'இறந்தவர்' என்ற கட்டத்தில் ஹார்ட் டிஸ்க் என்று இருக்கிறது. யாரோ விளையாடியிருக்கிறார்கள். திருத்திவிடட்டுமா?" என்றார். நல்லவேளை, கேட்டார். அந்தக் கட்டத்தில் வேறொரு பெயரைத் தட்டியிருந்தால், ஒரு தாய் தன் பிள்ளை செத்துவிட்டான் என்று தானே எழுதிக் கொடுத்ததாக ஆகியிருக்கும். அந்தப் பெயரைத் தட்டச் சொல்லியும் அந்தப் பதிவைத் திறக்கச் சொல்லியும் எனக்கு வந்த நெருக்குதல் கொஞ்சநஞ்சமல்ல. அதைத்தான் இன்றைக்குச் சொல்லப்போகிறேன், கொட்டாவி விடாமல் கேளுங்கள்.

யுத்த காலம். கண்டிக்குள் பஸ் தரிப்பிடங்களைவிடச் சோதனைச் சாவடிகள் அதிகமாக இருந்த வருடங்கள். அப்போதுதான் எங்கள் பல்கலைக்கழக நூலகத்தில் நாட்டார் பாடல்களைக் கணினியில் ஏற்றும் வேலை தொடங்கியிருந்தது. பிரிவின் தலைவர் கண்டிக்குப் பக்கத்து மடவளைக்காரர், 'இருக்கு' என்பதை 'ஈக்கி' என்பவர், எங்கள் எல்லோரையும் 'மகன்' என்றே கூப்பிடுவார். பெயர் சொன்னால் அவருக்குப் பிடிக்காது, 'தலைவர்' என்றே வைத்துக்கொள்வோம். தரவுத்தளத்தை அவரே உட்கார்ந்து கட்டினார். பாடியவர், இடம், பாட்டின் வகை என்று வரிசையாகக் கட்டங்கள். ஒப்பாரி என்றால் கூடுதலாக ஒரு கட்டம்: இறந்தவர். ஒரு கட்டத்தை நிரப்பாமல் விட்டாலும் பதிவு சேமிக்காது, சிவப்பாக முறைத்துக்கொண்டு நிற்கும்.

"ஒரு கட்டத்த வெறுமனே விட இடங்குடுத்தா, நாளைக்கு நீங்க எல்லாத்தையும் வெறுமனே விட்டுட்டு டீ குடிக்கப் போவீங்க மகன்" என்பார். எங்களை அவருக்கு நன்றாகத் தெரியும்.

அந்த ஒப்பாரிகளைக் கொண்டு வந்து தந்தவர் கௌசல்யா மிஸ். யாழ்ப்பாணத்துப் பெண், தமிழ்த் துறையில் இளம் விரிவுரையாளர். தேயிலைத் தோட்டத்துப் பெண்களின் ஒப்பாரிதான் அவருடைய ஆய்வு. புசல்லாவைப் பக்கம் எந்தத் தோட்டத்தில் சாவு விழுந்தாலும் ரெக்கோடரைத் தூக்கிக்கொண்டு முதல் பஸ்ஸில் போய்விடுவார். தோட்டத்துச் சனம் அவருக்கு 'எழவு மிஸ்' என்று பெயர் வைத்திருந்தது. அவர் கோபிக்கவில்லை. "ஓம், எங்கை செத்தாலும் நான் நிப்பன்தானே" என்று சிரிப்பார். பதிவுகளை நூலகத்தில் சேர்த்து, வருட முடிவுக்குள் ஆய்வேட்டைக் கொடுத்தால்தான் அவருடைய வேலை நிரந்தரமாகும்.

கண்டி மழையில் கசெட்டுகளுக்குப் பூஞ்சணம் பிடிக்கும். அவருடைய கசெட்டுகளுக்கும் பிடித்தது. ஒருமுறை ஓடவிட்டுக் கணினியில் ஏற்றிக்கொண்டோம், அந்த ஓட்டத்திலேயே பல நாடாக்கள் அறுந்து போயின. மிச்சத்தையும் பூஞ்சணம் மற்றவற்றுக்குப் பரவும் என்று எறிந்துவிட்டோம். கணினியில்தான் பத்திரமாக இருக்கிறதே என்ற நம்பிக்கை. சீடியில் எழுதும் கருவி அடுத்த வருடம் வரும் என்றிருந்தார்கள். இடி அடுத்த வருடம் வரைக்கும் காத்திருக்குமா? ஒரு பின்னேரம் மின்சாரம் போய், வந்து, திரும்பப் போனது. அதன் பிறகு கணினியைப் போட்டால் உள்ளிருந்து கடக் கடக் என்று ஒரு சத்தம் மட்டும்தான் வந்தது.

கௌசல்யா மிஸ் கதிரையில் மெதுவாக உட்கார்ந்தார். "எல்லாம் போச்சுதோ?" என்று கேட்டார். தலைவர் எழுந்து போய்த் தானே தேநீர் ஊற்றிக்கொண்டு வந்தார். அவர் தேநீர் ஊற்றினால் நிலைமை மோசம் என்று எங்களுக்கு விளங்கிவிடும்.

கம்பளையில் இதையெல்லாம் பழுது பார்க்கும் ஒருவர் இருப்பதாகக் கேள்விப்பட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை டிஸ்க்கைத் துவாயில் சுற்றி எடுத்துக்கொண்டு நானும் மிஸ்ஸும் போனோம். அவர் காதோடு வைத்துக் கேட்டார், குலுக்கினார், கடைசியில் கையை விரித்தார். சரி, வந்தது வந்தோம், அப்படியே புசல்லாவைக்குப் போய் அந்தப் பெண்களிடமே திரும்பப் பாடித் தரச் சொல்லிக் கேட்போம் என்று அதே பாதையில் பஸ் ஏறினோம்.

வழியில் சோதனை. எல்லோரையும் இறக்கி வரிசையில் நிறுத்தினார்கள். மிஸ்ஸின் அடையாள அட்டையில் யாழ்ப்பாணம் என்றிருக்கும். அந்த நாட்களில் பிடித்து வைக்க அது ஒன்றே போதும். பையில் ரெக்கோடர், வயர், துவாயில் சுற்றிய இரும்புப் பெட்டி. யார் பார்த்தாலும் சந்தேகப்படுவார்கள். என்ன இது என்று ஒரு சின்ன வயது ஆமிக்காரன் சிங்களத்தில் கேட்டான். விளக்கம் சொல்லத் தொடங்கினால் மாட்டிக்கொள்வோம் என்று எனக்குப் பட்டது. "கம்பியூட்டரின் மூளை, செத்துப்போய்விட்டது" என்றேன், அதுவும் சிங்களத்தில். அவன் துவாயை விலக்கிப் பார்த்தான். பிறகு மிஸ்ஸின் முகத்தைப் பார்த்தான். நெருங்கிய சொந்தம் செத்தது மாதிரித்தான் அவர் நின்றார். "அனே பவ்" என்றான், ஐயோ பாவம் என்று. துவாயைத் திரும்பச் சுற்றியும் கொடுத்தான்.

தோட்டத்தில் காளியம்மா அக்கா என்றொருவர். ஒப்பாரிக்கும் அவர்தான் முன்பாட்டு, வம்புக்கும் அவர்தான் முன்பாட்டு. நாங்கள் வந்த காரியத்தைச் சொன்னதும் கன்னத்தில் கை வைத்தார்.

"நல்லா கேட்டீங்க மிஸ். யாரும் சாகாம வீட்ல ஒக்காந்து ஒப்பாரி வச்சா, அது ஒரு ஆள கூட்டிக்கிட்டுத்தான் போகும். யாராச்சும் செத்தா சொல்லி அனுப்புறோம். இப்போதைக்கு நாங்க எல்லாரும் நல்லாத்தான் இருக்கோம்."

மிஸ்ஸுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. "நீங்கள் நல்லா இருக்கோணும் அக்கா. அதுதான் வேணும்" என்றார். பிறகு பையிலிருந்து துவாயை எடுத்துப் பிரித்தார். "உங்கடை பாட்டெல்லாம் இதுக்குள்ளைதான் இருந்தது. இது செத்துப்போச்சு. அதாலைதான் வந்தனாங்கள்."

காளியம்மா அக்கா குனிந்து பார்த்தார். "செத்திருச்சா? யாரு சொன்னா?"

"கம்பளையில பெரிய டாக்டர்கிட்டயே காட்டிட்டோம்க்கா" என்றேன்.

"அப்ப செத்ததுதான்" என்று நிமிர்ந்தார். "எழவு விழுந்திருச்சு, பின்ன என்னா. ஆனா லயத்துல வேணாம். மடுவத்துக்கு வாங்க."

லயம் என்றால் தோட்டத்து வரிசை வீடுகள், மடுவம் என்றால் கொழுந்து நிறுக்கிற கொட்டகை. ஞாயிறு, ஆள் இல்லை. ஒரு கூடையைக் கவிழ்த்து அதன் மேல் துவாயோடு டிஸ்க்கை வைத்தார்கள். ஒருத்தி வேலியோரத்துச் செவ்வந்தி ஒன்றைப் பறித்து வந்து தலைமாட்டில் வைத்தாள். எது தலைமாடு என்று ஒரு சின்ன வாக்குவாதமும் நடந்தது. பெண்கள் தோளோடு தோள் கட்டிக்கொண்டு வட்டமாக உட்கார்ந்தார்கள். நான் ரெக்கோடரை அமுக்கினேன். காளியம்மா அக்கா எடுத்தார்:

பெட்டிக்குள்ள பொறந்தவனே – எங்க
பாட்டையெல்லாம் சொமந்தவனே
கரண்டு வந்து போகையில – ஒன்
கண்ணு ரெண்டும் மூடிருச்சே

சிரிப்பில் பாதிப் பேருக்குப் புரையேறிவிட்டது. மிஸ் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். பதிவில் என்னுடைய சிரிப்பும் கேட்கும், வெட்ட மனம் வரவில்லை. ஆளுக்கு ஆள் எடுத்துப் பாடினார்கள். மவுஸுக்குத் தாலி அறுத்தார்கள், திரைக்குப் பொட்டழித்தார்கள். துக்க வீட்டில் பாடுகிற மெட்டு ஒவ்வொன்றும் அப்படி அப்படியே வந்து விழுந்தது. மிஸ்ஸுக்கு வேண்டியிருந்ததும் அந்த மெட்டுகள்தான்.

அந்த வட்டத்தில் பாக்கியம் அக்காவும் இருந்தார். அவருடைய ஒரே மகன் யோகன் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை செய்தவன். ஒரு சுற்றிவளைப்பில் பிடித்துக்கொண்டு போனார்கள். அதன் பிறகு இருக்கிறானா இல்லையா என்று ஒரு தகவலும் இல்லை. அவர் போகாத முகாம் வாசல் இல்லை. அவன் காணாமல் போனதிலிருந்து எந்தச் சாவு வீட்டிலும் அவர் வாய் திறந்து பாடியதில்லை என்று மிஸ் எனக்கு முன்பே சொல்லியிருந்தார். அதனால் சிரிப்பெல்லாம் அடங்கும் நேரத்தில் அவருடைய குரல் எழுந்தபோது எல்லோரும் திரும்பிப் பார்த்தோம்.

கொழும்புக்குப் போனவனே – நான்
கொழுந்தெடுத்து வளத்தவனே
சோத்துக்கட வாசலில – ஒன்
செருப்பு மட்டும் கெடந்ததய்யா

மல இருட்டிப் போனாலும் – ஒனக்கு
வெளக்கெரிய வச்சிருக்கேன்
ஆக்கி வச்ச சோறிருக்கு – அது
ஆறுமுன்னே வாராயா

ஒருவரும் சிரிக்கவில்லை. பக்கத்தில் இருந்த பெண்கள் அவரை இறுக்கிக் கட்டிக்கொண்டு அழுதார்கள். அவர் பாடிக்கொண்டே போனார். பையன் நடந்த நடை, தலை சீவிய விதம், முதல் சம்பளத்தில் வாங்கிக் கொடுத்த சேலை, எல்லாம் வந்தது. எனக்கும் கண் நிறைந்துவிட்டது. ரெக்கோடரை நிறுத்த வேண்டும் என்று நினைத்தேன், கை போகவில்லை.

அவரே நிறுத்தினார். முந்தானையால் முகத்தைத் துடைத்தார், கூடையின் மேல் இருந்த டிஸ்க்கைப் பார்த்தார், திடீரென்று பயந்துபோனார்.

"தம்பி, நான் அவனுக்குப் பாடல. இந்தப் பெட்டிக்குத்தான் பாடினேன். இவங்க எல்லாரும் பாடினாங்கல்ல, அது மாதிரி. நீங்க அப்படித்தான் எழுதிக்கணும்."

"சரிங்கக்கா" என்றேன்.

"அவன் வர்ற வரைக்கும் இத யாருக்கும் போட்டுக் காட்டாதீங்க. அவனத் தேடச் சொல்லி எழுதிக் குடுத்த கந்தோர்ல என்னா சொன்னாங்க தெரியுமா? காரியம் செஞ்சிட்டா வந்து சொல்லும்மா, ஃபைல மூடிரலாம்ன்னாங்க. நான் எம்புள்ளைக்கு ஒப்பாரி வச்சேன்னு எங்கயாச்சும் எழுதிட்டா, அவ்வளவுதான். தேடுறத விட்ருவாங்க."

காளியம்மா அக்கா அவர் கையைப் பிடித்து, "அடியே, பெட்டிக்குத்தான் பாடின. நாங்க இத்தன பேர் இருக்கோம்ல சாட்சிக்கு" என்றார்.

அடுத்த நாள், தலைவர் புது டிஸ்க் போட்டுத் தரவுத்தளத்தைத் திரும்பக் கட்டியிருந்த கணினியில் பதிவேற்ற உட்கார்ந்தோம். காளியம்மா அக்காவின் பாட்டுக்கு ஒரு தொல்லையும் இல்லை. 'இறந்தவர்: ஹார்ட் டிஸ்க்' என்று சிரித்துக்கொண்டே தட்டினேன். பாக்கியம் அக்காவின் பாட்டுக்கு வந்ததும் விரல் நின்றுவிட்டது. வெறுமனே விட்டுப் பார்த்தேன், சேமிக்கவில்லை. 'தெரியவில்லை' என்று போடலாமா என்றால், அதுவும் யாரோ இறந்துவிட்டதாகத்தான் சொல்கிறது.

மிஸ் பக்கத்தில் நின்றார். "அதை ஹார்ட் டிஸ்க் எண்டு எழுதினா ஆய்விலை பொய் எழுதினது ஆகாதோ? அந்தப் பாட்டு மகனுக்கெண்டு கேக்கிற எல்லாருக்கும் விளங்கும். இவ்வளவு காலத்திலை எனக்குக் கிடைச்ச ஆக நல்ல பாட்டு அதுதான்" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அவருடைய வேலையே அதில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

தலைவரிடம் போனோம். அவர் பாட்டைக் கேட்கவேயில்லை. எங்களைத்தான் கேட்டார்.

"அந்தப் பொம்புள யாருக்குப் பாடினதாச் சொன்னா?"

"பெட்டிக்கு என்று சொன்னா சேர்."

"அப்ப அத எழுதுங்க. நாங்க என்ன விளங்கிக்கிட்டோம்ன்டு எழுத அந்தக் கட்டம் இல்ல மகன். அவங்க எத எங்க கையில தந்தாங்களோ அத எழுதத்தான் ஈக்கி. நாங்க விளங்கினத எங்கட பேரப் போட்டு எங்கட கட்டுரைல எழுதுவோம், அதுவும் அவங்க ஓம்ன்டு சொன்னா மட்டும்."

மிஸ் தன் குறிப்பேட்டை மூடி வைத்தார். பிறகு, "அப்ப ஆய்வேட்டிலை அந்தப் பாட்டு வராது" என்றார். வரவுமில்லை. அதற்குப் பதிலாக டிஸ்க்குக்கு வைத்த ஒப்பாரியைப் பற்றி ஓர் அத்தியாயமே எழுதினார். நேர்முகத்தில் பரீட்சகர்கள் சிரித்தே களைத்துப்போனார்களாம். வேலையும் நிரந்தரமானது. பாக்கியம் அக்காவின் பாட்டுக்கும் 'ஹார்ட் டிஸ்க்' என்றே தட்டி, அவர் கேட்டபடி யாரும் கேட்க முடியாமல் கடவுச்சொல் போட்டுப் பூட்டினேன்.

ஆனால் பூட்டிய கதவைக் கண்டால் மனிதர்களுக்கு உள்ளே போகத்தான் ஆசை வரும். அப்படி ஒரு பாட்டு இருக்கிறது என்ற செய்தி எப்படியோ பரவிவிட்டது. ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், தலைவர் ஜும்மாத் தொழுகைக்குப் பள்ளிவாசலுக்குப் போயிருந்த நேரம், ஒரு பேராசிரியர் வெளிநாட்டு விருந்தினர்களோடு வந்து நின்றார். எங்களுக்குப் புதுக் கருவிகள் வாங்கித் தரக்கூடியவர்கள். பிரிவில் நான் மட்டும்தான்.

"அந்தத் தாயின் பாட்டைப் போடுங்கள்" என்றார்.

"அது திறக்க முடியாது சேர்."

"கடவுச்சொல் உங்களிடம்தானே இருக்கிறது?"

"இருக்கிறது சேர். அனுமதி தர வேண்டியவர் இன்னும் வரவில்லை."

"யார் அவர்? எப்போது வருவார்?"

"தெரியாது சேர். அவரைத்தான் எல்லோரும் தேடிக்கொண்டிருக்கிறார்கள்."

நான் கிண்டல் செய்கிறேன் என்று நினைத்து அவருக்கு முகம் சிவந்துவிட்டது. என் பதவி உயர்வுக் கடிதம் அவர் இருந்த குழுவின் முன்னால் கிடந்தது, அதுவும் எனக்கு ஞாபகம் வந்தது. பயமாகத்தான் இருந்தது, மறைக்கவில்லை. அப்போது நீங்கள் கற்றுக்கொண்டிருக்கும் எந்தத் தரநிலையும் எனக்குக் கைகொடுக்கவில்லை. 'சரிங்கக்கா' என்று ஒருத்திக்குச் சொன்ன வார்த்தை மட்டும்தான் இருந்தது. கடவுச்சொல்லைத் தட்டாமல், காளியம்மா அக்காவின் பாட்டைப் போட்டேன். ஒவ்வொரு வரியாக ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல விருந்தினர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கருவிகளும் வந்தன, சீடி எழுதும் கருவி உட்பட. பதவி உயர்வுதான் கொஞ்சம் ஆற அமர வந்தது.

அதனால் சொல்கிறேன். திற என்று உங்களிடம் எத்தனையோ பேர் வந்து நிற்பார்கள். அவர்களெல்லாம் படித்தவர்கள், நல்லவர்கள், அவர்களுக்குக் காரணமும் இருக்கும். பதிவைத் தந்தவர் அந்த இடத்தில் இருக்கமாட்டார். அவருக்காகப் பேச உங்களைவிட்டால் அங்கே ஆள் கிடையாது.

வருடங்கள் போயின. சமாதானப் பேச்சு நடந்த காலம் வந்தது. வீதித் தடைகளை ஒவ்வொன்றாக எடுத்தார்கள், அடைத்து வைத்திருந்தவர்களையும் கொஞ்சம் கொஞ்சமாக விட்டார்கள். ஒரு நாள் காலை வாசல் காவலர் போன் பண்ணினார், புசல்லாவையிலிருந்து ஒரு அம்மா வந்திருக்கிறார் என்று. படியிறங்கிப் போனேன். பாக்கியம் அக்கா நின்றார், நல்ல சேலை, தலையில் பூ. பக்கத்தில் மெலிந்துபோன ஒருவன், நெற்றியில் குங்குமத்தோடு.

"தம்பி, வந்துட்டான்" என்றார்.

அவன் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன், எவ்வளவு நேரம் என்று தெரியாது. மேலே கூட்டிக்கொண்டு போனேன். தலைவர் எழுந்து, "அல்ஹம்துலில்லாஹ்" என்று தன் கதிரையைத் தூக்கி அவனுக்குப் போட்டார். பிறகு தேநீர் ஊற்றப் போனார். அந்த ஒரு நாள்தான் அவர் நல்ல காரியத்துக்குத் தேநீர் ஊற்றியதைப் பார்த்தேன்.

"காளியம்மா வாய் சும்மா இருக்குமா? இவன்கிட்ட சொல்லிட்டா. அதக் கேக்கணும்ன்னு ஒரே நச்சரிப்பு" என்றார் பாக்கியம் அக்கா.

"திறக்கலாமாக்கா?"

"அதான் வந்துட்டான்ல. தொறங்க. இனி யாரு வேணும்ன்னாலும் கேக்கட்டும்."

கடவுச்சொல்லைத் தட்டி, ஹெட்போனை அவன் காதில் மாட்டினேன். முதலில் அவன் சிரித்துக்கொண்டிருந்தான். சோற்றுக் கடை வாசல் வந்ததும் தலையைக் குனிந்துகொண்டான். தோள் இரண்டும் குலுங்கின. முடியும் வரை கழற்றவில்லை. அவனுடைய அம்மா யன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

"அம்மா, இப்ப அந்தக் கட்டத்த மாத்திப்போடவா?" என்று தலைவர் கேட்டார். "மகனுக்குப் பாடினது, அவர் உசிரோட ஈக்கிறார் என்டு?"

அவர் பதில் சொல்வதற்குள் யோகன் ஹெட்போனைக் கழற்றினான். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஏம்மா, எனக்கா இம்புட்டுப் பாடின?" என்றான்.

பாக்கியம் அக்கா திரும்பினார். அவன் தலையில் மெதுவாக ஒரு தட்டுத் தட்டினார்.

"ஒனக்கு எதுக்குடா நான் பாடணும், நீதான் இருக்கியே. அது பெட்டிக்குப் பாடினது."